கடல் சரக்கு வாங்கும் முன்: புதியவர்களுக்கு ஒரு கொள்முதல் வழிகாட்டி

"அண்ணா, மரைன் கொலாஜன் கிலோ என்ன விலை?"

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். பேசுகிறவர் கோவையிலோ ஈரோட்டிலோ சத்துப்பொடி, மாத்திரை, பானக்கலவை என்று ஏதோ ஒன்றைத் தொடங்கத் துடிப்பவராக இருப்பார். பெட்டியின் நிறம்கூட முடிவாகியிருக்கும். "எந்த மீன், மீனில் எந்தப் பாகம்?" என்று நான் கேட்டதும் மறுமுனை அமைதியாகிவிடும்.

விலை கடைசிக் கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியவற்றை, முதன்முறையாகக் கொள்முதலுக்குப் புறப்படுபவர்களுக்காக இங்கே வரிசைப்படுத்துகிறேன். கடல்பாசி, மீன் எண்ணெய், மீனின் தோலிலும் செதிலிலும் உள்ள புரதமான கொலாஜன், மூட்டு மாத்திரைகளுக்காக இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் குளுக்கோசமைன் ஆகிய நான்கைத்தான் பேசப்போகிறேன். புதியவர்கள் கை வைப்பது பெரும்பாலும் இவற்றில்தான்.

முதலில் பெயரை எழுதுங்கள்

'மரைன்' என்பது விளம்பரச் சொல். சரக்குக்கு அது பெயராகாது. மரைன் கொலாஜன் என்று விற்கப்படுவதில் திலேப்பியாவின் செதிலிலிருந்தும் பங்காசியஸ் கெளுத்தியின் தோலிலிருந்தும் எடுத்தது நிறையவே உண்டு. இரண்டும் நன்னீர்க் குளத்தில் வளர்க்கும் மீன்கள். அதனால் சரக்கு மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் நீலக்கடலையும் அலையையும் வரைந்துவிட்டு உள்ளே குளத்து மீனை அடைத்தால், வாங்குகிறவர் ஒருநாள் கேட்பார். அப்போது உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆகவே விற்பவரை அழைக்கும் முன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: உயிரினத்தின் அறிவியல் பெயர், எடுக்கப்படும் பாகம், பிடித்த அல்லது வளர்த்த இடம், உங்களுக்கு வேண்டிய வடிவமும் செறிவும். "மீன் எண்ணெய் 200 கிலோ" என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் அனுப்புவார்கள். "பெரு நாட்டு நெத்திலி, முழு மீன், சுத்திகரித்த எண்ணெய், ஈ.பி.ஏ. 18 சதவீதம், டி.எச்.ஏ. 12 சதவீதம்" என்று கேட்டால் (ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள்), எதிரில் இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். இந்த நான்கையும் எழுத்தில் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

தொடவே கூடாதவை

பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். கடல் அட்டை மூட்டு வலிக்கு நல்லது என்று சொல்லி யாராவது பொடியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் கடல் அட்டை கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். குழப்பம் எங்கே வருகிறது என்றால், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அது சட்டபூர்வமாகப் பண்ணையில் வளர்க்கப்படுகிறது. ஒரே கடல், இரண்டு சட்டம். அங்கே நடப்பதைக் காட்டி இங்கே விற்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடல் குதிரையும் அப்படித்தான். பவளமும் அப்படித்தான். 'பவளக் கால்சியம்' என்று ஒரு பொருள் வெளிநாடுகளில் விற்கிறது. அதைப் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பவளப்பாறையைப் பொடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். சுறாவில் சில இனங்கள் பாதுகாக்கப்பட்டவை, சில அல்ல. ஈரல் எண்ணெயாகவும் குருத்தெலும்புப் பொடியாகவும் மாறியபின் எது எந்தச் சுறா என்று கண்ணால் சொல்ல முடியாது. புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. சுறா ஈரலில் உள்ள ஸ்குவாலின் என்ற எண்ணெய்ப் பொருள் வேண்டுமென்றால் ஆலிவிலிருந்து எடுத்தது கிடைக்கிறது.

பாசி: மண்டபம் கரையில்

நான்கில் எனக்குப் பிடித்தது இது. மண்டபம் என்ற ஊர் இருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் பாசி எடுப்பது பல தலைமுறையாகப் பெண்களின் தொழில். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பிய்த்தெடுப்பார்கள். பாசிகளுக்கு அவர்கள் சொல்லும் பெயர்களைத் தெரிந்துகொண்டு போங்கள், பேரம் எளிதாகும்: மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி இரண்டும் கூழாக உறைய வைக்கும் அகர் அகருக்குப் போகின்றன. கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் பழுப்புப் பாசிகள். கெட்டிப்படுத்தப் பயன்படும் ஆல்ஜினேட்டும், சத்துப் பொருளாக விற்கும் ஃப்யூகாய்டானும் இவற்றிலிருந்து வருகின்றன. இவை தவிர, தெப்பத்தில் வளர்க்கும் கப்பாபைகஸ் இருக்கிறது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இனம். 2000களின் தொடக்கத்தில் ஒரு குளிர்பான நிறுவனம் இதை ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால், ஊர்க்காரர்களுக்கு இன்றும் இது 'பெப்சி பாசி'தான். இதிலிருந்து கராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளை எடுக்கிறார்கள்.

வளர்ப்புக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் தெப்பம். ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் அறுவடை. பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ அளவுக்குத்தான் தேறும். இந்த விகிதம் தெரிந்தால், யாராவது நம்ப முடியாத விலை சொல்லும்போது மூட்டைக்குள் எவ்வளவு தண்ணீரும் உப்பும் இருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலேயே ஊகித்துவிடலாம்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் அரை டன் கட்டக்கோரை வாங்கினேன். விற்றவர் கொடுத்த சாம்பிள் வலையில் உலர்த்தியது, சுத்தமாக இருந்தது. லாரியில் வந்ததோ கடற்கரை மணலிலேயே பரப்பிக் காயவைத்தது. மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்துச் செய்தித்தாளின் மேல் தட்டினேன். மணல், உடைந்த சிப்பித் துண்டு, நீல நிற நைலான் வலை நூல் ஒன்று. ஆய்வகத்தில் 'அமிலத்தில் கரையாத சாம்பல்' எல்லைக்கு மேல் போய்விட்டது. அந்தச் சொல்லுக்கு நடைமுறைப் பொருள் மணல். நான் மணலைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கியிருந்தேன்.

அன்றிலிருந்து இதுதான் முறை: ஒப்பந்தத்தில் ஈரப்பதம், மொத்தச் சாம்பல், அமிலத்தில் கரையாத சாம்பல் மூன்றுக்கும் உச்ச அளவை எழுதிவிடுவேன். தார்ப்பாய் அல்லது உயர்த்திக் கட்டிய வலையில் உலர்த்தியதற்குக் கூடுதல் விலை தருவேன். அந்தக் கூடுதல் நேராக உலர்த்துகிற பெண்கள் குழுவுக்குப் போகிறதா என்றும் பார்ப்பேன். இடைத்தரகருக்குப் போனால் அடுத்த முறையும் மணல்தான் வரும்.

பாசி எடுத்த இடமும் முக்கியம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் சுற்றுக்கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பூங்கா எல்லைக்குள் எடுத்த பாசியை வாங்கினால் வனத்துறையின் கேள்வி உங்கள் வரைக்கும் வரும். வளர்ப்புப் பாசி என்றாலும் இடத்தைக் கேளுங்கள். குருசடைத் தீவின் பவளத்தில் கப்பாபைகஸ் பரவியது 2008இல் பதிவானது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அதைப் படித்துவிட்டு வருகிறார்கள். உயிர்ப்பன்மைச் சட்டப்படி இந்திய நிறுவனம் வணிகத்துக்காக இத்தகைய வளத்தை எடுக்குமுன் மாநில உயிர்ப்பன்மை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுக் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம் என்றால் சென்னையில் இருக்கும் தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் அனுமதி தேவை. உங்கள் நிலை எது என்பதை முதல் லாரிக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

உடலுக்குள் போகும் பொருள் என்பதால் இன்னும் இரண்டு சோதனை. ஒன்று அயோடின். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். ஜப்பானியர் கொம்பு என்று அழைக்கும் பழுப்புப் பாசியில் ஒரே கிராமில் 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடும். 'இயற்கை அயோடின்' என்று பெட்டியில் பெருமையாகப் போடுவதற்கு முன், ஒரு வேளை அளவில் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். தைராய்டு கோளாறு உள்ளவர் அதைச் சாப்பிடப் போகிறார்.

மற்றது ஆர்சனிக். கட்டக்கோரையின் குடும்பத்தைச் சேர்ந்த ஹிஜிக்கி என்ற பாசியைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004இல் அறிவுறுத்தியது. காரணம் அதிலிருந்த கனிம ஆர்சனிக். பாசியில் உள்ள ஆர்சனிக்கில் பெரும்பகுதி பொதுவாகக் கரிம வடிவில் இருக்கும், அது அவ்வளவு நஞ்சு அல்ல. அதனால் மொத்த ஆர்சனிக் என்ற ஒற்றை எண்ணை வைத்துப் பயப்படவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது. "கனிம ஆர்சனிக்கைத் தனியாக அளந்து கொடுங்கள்" என்று ஆய்வகத்திடம் எழுதிக் கேளுங்கள். ஈயம், காட்மியம், பாதரசம் வழக்கம்போல.

மீன் எண்ணெய்: மூக்கை மட்டும் நம்பாதீர்கள்

மாத்திரையில் '1000 மி.கி. மீன் எண்ணெய்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். முன்னே சொன்ன 18/12 எண்ணெய் (18 சதவீதம் ஈ.பி.ஏ., 12 சதவீதம் டி.எச்.ஏ.) என்றால் அதில் ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்து 300 மி.கி.தான். மீதி மற்றக் கொழுப்பு. நீங்கள் வாங்குவது அந்த 300ஐ. ஆகவே கிலோ விலையை ஒதுக்கிவிட்டு, ஒரு கிராம் ஒமேகா-3க்கு என்ன விலை என்று பார்த்தால் செறிவூட்டிய எண்ணெய் பல நேரம் மலிவாகவே தெரியும். செறிவூட்டியதில் எத்தில் எஸ்டர், டிரைகிளிசரைடு என்று இரு வடிவங்கள் உண்டு. எது என்று சொல்லாத விலைப்பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள்.

பிறகு கெட்டுப்போதல். மீன் எண்ணெய்க்குக் காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் எதிரி. எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் எண்கள் உண்டு. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் 2017ஆம் ஆண்டு மீன் எண்ணெய்த் தரத்தில் பெராக்சைடு எண் 5க்கு மேல் போகக் கூடாது, அனிசிடின் எண் 20க்கு மேல் போகக் கூடாது, டோடாக்ஸ் 26க்கு மேல் போகக் கூடாது. டோடாக்ஸ் என்பது பெராக்சைடு எண்ணை இரண்டால் பெருக்கி, அனிசிடினைக் கூட்டினால் வருவது. போட்டுப் பாருங்கள்: பெராக்சைடு 5, அனிசிடின் 20 என்று இரண்டும் தனித்தனியே தேறிய எண்ணெயின் டோடாக்ஸ் 30. தேறவில்லை.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எண்ணெய் கெடத் தொடங்கும்போது பெராக்சைடு ஏறும், பிறகு அது உடைந்து ஆல்டிஹைடாக மாறும்போது இறங்கிவிடும். அந்த ஆல்டிஹைடைக் காட்டுவதுதான் அனிசிடின் எண். பழைய எண்ணெயில் பெராக்சைடு குறைவாக இருப்பது அதிசயமில்லை. அதனால் பெராக்சைடை மட்டும் காட்டும் சான்றிதழ் பாதிச் சான்றிதழ். எலுமிச்சை மணம் சேர்த்த எண்ணெயில் அனிசிடின் சோதனையே சரியாக வராது. மணம் சேர்க்காத எண்ணெயை வாங்கிச் சோதித்துவிட்டு, மணத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். பேரல் வந்தால் நைட்ரஜன் வாயு அடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். பாதி எடுத்த பேரலை மறுபடி நைட்ரஜன் செலுத்தாமல் மூடி வைப்பது, திறந்த பாத்திரத்தில் பாலை வைப்பது மாதிரி.

உள்ளூர்ச் சாளை எண்ணெயை வைத்துச் செய்ய முடியாதா என்று பலரும் ஆசைப்படுகிறார்கள். முடியும், ஆனால் சாளை ஒரு வருடம் குவியும், மறு வருடம் தேட வேண்டியிருக்கும். கொழுப்பின் அளவும் பருவத்துக்குப் பருவம் மாறும். வெளிநாட்டுச் சரக்கும் நிலையானதல்ல. 2023இல் எல் நினோ காரணமாகப் பெரு நாட்டின் முதல் நெத்திலிப் பருவம் ரத்தானது, உலகெங்கும் மீன் எண்ணெய் விலை எகிறியது. அந்த வருடம்தான் நுண்பாசியிலிருந்து எடுக்கும் டி.எச்.ஏ. எண்ணெயை நான் தீவிரமாக விசாரிக்கத் தொடங்கினேன். விலை கூடுதல்தான். ஆனால் தொட்டியில் வளர்வது, சைவ வாடிக்கையாளருக்கும் கொடுக்கலாம்.

கொலாஜனும் குளுக்கோசமைனும்

கொலாஜனில் இரண்டு இடங்களில் கண்ணைத் திறந்து வையுங்கள். புரத அளவைக் கணக்கிட நைட்ரஜனை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். பொது உணவுக்கு 6.25, கொலாஜனுக்கு 5.55. கொலாஜனுக்கு 6.25ஐப் போட்டால் புரதம் நூற்றுக்கு மேல் போய் நிற்கும். சான்றிதழில் '105 சதவீதம்' பார்த்துவிட்டு உயர்ந்த சரக்கு என்று மகிழ்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். அடுத்தது கலப்படம்: மாட்டுத் தோல் கொலாஜன் மலிவு, பொடியில் வித்தியாசம் தெரியாது. நம் நாட்டில் இது விலைப் பிரச்சினையோடு நிற்காது, நம்பிக்கைப் பிரச்சினையும் ஆகிவிடும். முதல் லாட்டுக்காவது (ஒரே முறையில் தயாராகி வரும் தொகுதிதான் லாட்), எந்த விலங்கினம் என்று காட்டும் இன அடையாளச் சோதனை செய்துவிடுங்கள்.

குளுக்கோசமைனில் பெயருக்குள் உப்பு ஒளிந்திருக்கும். 'குளுக்கோசமைன் சல்பேட் பொட்டாசியம் குளோரைடு' என்ற வகையில் எடையில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. 1500 மி.கி. என்று போட்டால் உள்ளே குளுக்கோசமைன் சல்பேட் சுமார் 1130 மி.கி.தான். இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவதால் ஒவ்வாமை எச்சரிக்கை கட்டாயம். பண்ணை இறால் ஓடு என்றால் ஆன்டிபயாடிக் எச்சச் சோதனையும் கேளுங்கள். ஓடே ஒத்துக்கொள்ளாதவருக்கு, பூஞ்சை நொதித்தல் முறையில் செய்த குளுக்கோசமைன் இருக்கிறது.

சான்றிதழைப் படிக்கும் விதம்

விற்பவர் அனுப்பும் பகுப்பாய்வுச் சான்றிதழில் நான் முதலில் பார்ப்பது லாட் எண். பேரலில் ஒட்டியிருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா? இரண்டு வெவ்வேறு லாட்டின் சான்றிதழ்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா எண்ணும் புள்ளிக்குப் பிறகும் அச்சடித்தாற்போல் ஒன்றாகவே இருந்தால், யாரோ தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கடல் அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

பிறகு உங்கள் சாம்பிளை நீங்களே எடுங்கள். மூட்டையில் மேலே, நடுவில், அடியில். அதை, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தர வேண்டிய பணத்தில் ஒரு பங்கை இந்த முடிவு வரும்வரை நிறுத்தி வைக்கும் நிபந்தனையை முதல் ஒப்பந்தத்திலேயே போடுங்கள். நல்ல விற்பனையாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

சொந்தமாகத் தொழில்நுட்பம் இல்லாதவர்களுக்கு வேறொரு வாசலும் உண்டு. கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பாசியிலிருந்தும் பச்சைக் கல்லுமக்காயிலிருந்தும் உருவாக்கிய 'கடல்மீன்' வரிசைத் தயாரிப்புகளின் தொழில்நுட்பத்தைத் தனியாருக்கு உரிமம் கொடுக்கிறது. 1947இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தின் தலைமையகம் முன்பு பல ஆண்டுகள் நம் மண்டபத்தில்தான் இருந்தது. அங்கே இன்றும் அதன் மையம் இருக்கிறது, நேரில் போய்ப் பேசலாம்.

உரிமம், லேபிள்

சுருக்கமாகச் சொல்கிறேன், விவரத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆலோசகரைப் பாருங்கள். உபசத்துப் பொருள் தயாரிப்புக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் மத்திய உரிமம் வேண்டும். உங்கள் சேர்மானம் அதன் விதிமுறை அட்டவணைகளில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் பாருங்கள். இல்லையென்றால் தனி ஒப்புதல், அதற்குக் காலம் பிடிக்கும். சரக்கைக் குடோனில் போட்டுவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மீன், இறால் வழி வந்த எதுவும் அசைவக் குறி பெறும். பாசி சைவம், ஆனால் பாசி எண்ணெயை விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உறையில் அடைத்தால் பச்சைக் குறி போய்விடும். நோயைக் குணமாக்கும் என்று எழுதவே எழுதாதீர்கள்.

எப்போது, எவ்வளவு

தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் தோல், செதில் நம்பியிருப்பவர்கள் மார்ச்சுக்குள் வாங்கிவிட வேண்டும். பாசிக்கு எதிரி வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளித்தால் தெப்பம் நிற்காது, வெயில் இல்லாமல் எடுத்த பாசியும் காயாது. தை பிறந்தபின் போனால் சரக்கும் கிடைக்கும், பேச நேரமும் இருக்கும்.

முதல் ஆர்டர் 25 கிலோ. விற்பவர் ஐந்நூறு கிலோவுக்குத் தள்ளுபடி சொல்வார், வேண்டாம். இரண்டாவது லாட்டும் முதலாவது போலவே வருகிறதா என்று பார்த்தபின் அளவைக் கூட்டுங்கள். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு நூறு கிராம், எண்ணெய் என்றால் ஒரு சிறிய பழுப்புக் கண்ணாடிக் குப்பி, லாட் எண்ணும் தேதியும் எழுதி, உங்கள் தயாரிப்பின் காலாவதித் தேதி தாண்டும்வரை குளிர்பெட்டியில் வையுங்கள். என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு முழுக்க அப்படிப்பட்ட குப்பிகள்தான். என் மனைவி அந்தத் தட்டைத் திறப்பதே இல்லை.